மண்ணுக்குள் வைத்த குடும்பம்: கேலா செக்ஷ்டைனின் ஓவியங்களும் வார்சாவின் பத்துத் தகரப் பெட்டிகளும்

1946ஆம் ஆண்டு செப்டம்பரில் வார்சா நகரின் நொவொலிப்கி தெரு பழைய வரைபடங்களில் மட்டுமே தெருவாக இருந்தது. 1943இல் யூதர்களின் எழுச்சியை ஒடுக்க வந்த ஜெர்மன் படைகள் வீடு வீடாகக் கொளுத்தியும் வெடி வைத்துத் தகர்த்தும் சென்றதில், ஒரு காலத்தில் நான்கு லட்சத்துக்கும் அதிகமானோர் நெருக்கியடித்து வாழ்ந்த பகுதி முழுவதும் செங்கல் மேடாகக் கிடந்தது. எந்தக் கட்டடம் எங்கே நின்றது என்று அடையாளம் சொல்ல மூலைச் சுவர்கூட மிஞ்சவில்லை. 68ஆம் எண் பள்ளிக்கூடம் இருந்த இடத்தை அளந்து குறித்து, இடிபாட்டின் அடியில் துளை தோண்டி, நீண்ட இரும்புக் கம்பிகளைச் செருகித் தேடியவர்களுக்குச் செப்டம்பர் 18 அன்று மண் அப்பிய தகரப் பெட்டிகள் கிடைத்தன. மொத்தம் பத்துப் பெட்டிகள். மூடியின் விளிம்புகள் ஈயம் வைத்து அடைக்கப்படாததால் நான்கு ஆண்டுகளாக உள்ளே நீர் இறங்கியிருந்தது. தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டியும், பூஞ்சை படர்ந்தும், மை கரைந்தும் இருந்தன.

பெட்டிகளில் இருந்தவை நாட்குறிப்புகள், ரேஷன் அட்டைகள், சுவரொட்டிகள், பள்ளிக் கட்டுரைகள், கொலை முகாமிலிருந்து தப்பி வந்தவரின் வாக்குமூலம், தலைமறைவு இதழ்கள் ஆகியவை. அவற்றினூடே ஒரு பெண் ஓவியரின் முந்நூற்றுக்கும் மேற்பட்ட படங்களும், அவர் எழுதிய இறுதி விருப்ப ஆவணமும், அவருடைய கணவரின் விருப்ப ஆவணமும் இருந்தன. ஓவியரின் பெயர் கேலா செக்ஷ்டைன். கணவர் இஸ்ரயேல் லிக்டென்ஷ்டைன். இருவரின் ஆவணங்களிலும் பெயர் சொல்லப்படும் மூன்றாமவர், அப்போது இருபது மாதக் குழந்தையாக இருந்த அவர்களுடைய மகள் மார்கலித். மூவரில் ஒருவரும் போரிலிருந்து மீளவில்லை.

போர்க்காலத் தாள்களும் படங்களும் குடும்பங்களின் பரண்களிலிருந்து தற்செயலாக வெளிவருவதாகவே பெரும்பாலும் சொல்லப்படுகிறது. இந்தக் குடும்பத்தின் தாள்கள் அப்படி வந்தவை அல்ல. எதைப் புதைப்பது, யாருக்காகப் புதைப்பது, பிற்காலத்தில் அவற்றை எங்கே வைக்க வேண்டும் என்ற மூன்று கேள்விகளுக்கும் அவர்களே தெளிந்த மனத்துடன் பதில் எழுதி, அந்தப் பதிலையும் அதே பெட்டியில் வைத்தார்கள். ஆகவே அவற்றை எஞ்சிய பொருள்களாக மட்டும் பார்ப்பது போதாது. எதிர்காலத்தை நோக்கி ஒரு குடும்பம் எடுத்த முடிவாகவும் அவற்றைப் படிக்க வேண்டும்.

சுவருக்குள் ஒரு ரகசிய ஆவணக் குழு

1939 செப்டம்பரில் போலந்தைக் கைப்பற்றிய நாஜி ஜெர்மனி, வார்சாவின் யூதர்களை நகரின் ஒரு பகுதிக்குள் தள்ளி, சுற்றிலும் சுவர் எழுப்பி, 1940 நவம்பர் நடுவில் வாயில்களை மூடியது. இவ்வாறு அடைக்கப்பட்ட பகுதிக்குக் கெட்டோ என்று பெயர். பட்டினியும் டைபஸ் காய்ச்சலும் அங்கே மக்களைக் கொன்றுகொண்டிருந்தபோது, இமானுவேல் ரிங்கெல்ப்ளூம் என்ற வரலாற்றாசிரியர் ஆசிரியர்களையும் எழுத்தாளர்களையும் பொருளியல் அறிஞர்களையும் சேர்த்து, நடப்பதை நடக்கும்போதே பதிவு செய்யும் குழு ஒன்றை அமைத்தார். யூதர்களின் ஓய்வு நாளான சனிக்கிழமைகளில் கூடியதால், ஓய்வு நாளின் மகிழ்ச்சி என்று பொருள்படும் ‘ஓய்னெக் ஷாபெஸ்’ என்பது குழுவின் மறைபெயர் ஆயிற்று. ஐம்பது அறுபது பேர் அதில் பங்கேற்றனர். பெரும்பாலோருக்குத் தாங்கள் எழுதித் தரும் தாள்கள் எங்கே வைக்கப்படுகின்றன என்பது தெரியாது.

அது தெரிந்த மிகச் சிலரில் ஒருவர் லிக்டென்ஷ்டைன். கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் தாய்மொழியான யிட்டிஷில் பாடம் நடத்திய ஆசிரியர் அவர். தாள்களை ஒளித்துவைக்கும் பொறுப்பு அவருடையது. அவர் பணியாற்றிய நொவொலிப்கி 68ஆம் எண் பள்ளிக்கூடம், போரின்போது குழந்தைகளுக்கு உணவு தரும் இடமாகவும் வெளியே தெரியாத வகுப்பறையாகவும் இயங்கியது. கேலா அங்கே குழந்தைகளுக்கு ஓவியம் கற்பித்தார். அவர்கள் நடித்த நாடகங்களுக்கு மேடை அலங்காரமும் உடைகளும் செய்து தந்தார்.

1907இல் வார்சாவில் பிறந்த கேலா, சிறு வயதிலேயே தாயை இழந்தவர். யிட்டிஷ் எழுத்தாளர் இஸ்ரயேல் ஜோஷுவா சிங்கர் அவருடைய திறமையைக் கண்டு ஊக்கமளித்தார். கிராக்கோ நகரில் சில ஆண்டுகள் ஓவியம் பயின்று, 1930களின் பிற்பகுதியில் கேலா வார்சாவுக்குத் திரும்பினார். யிட்டிஷ் எழுத்தாளர்களின் உருவப்படங்களையும் அதைவிட மிகுதியாகக் குழந்தைகளின் முகங்களையும் நீர்வண்ணத்திலும் பேஸ்டலிலும் கரியிலும் வரைந்தார். தம் ஓவியங்களுக்குத் தனிக் கண்காட்சி ஒன்றை அவர் எதிர்நோக்கியிருந்த காலத்தில்தான் போர் வந்தது. மகள் மார்கலித் 1940 நவம்பர் தொடக்கத்தில், கெட்டோவின் வாயில்கள் மூடப்படுவதற்குச் சில நாட்கள் முன்னர் பிறந்தாள். அவளுடைய வாழ்க்கையில் நமக்குத் தெரிந்த பகுதி முழுவதும் அந்தச் சுவருக்குள்ளேயே கழிந்தது.

பெட்டிச் செய்தி: ரிங்கெல்ப்ளூம் ஆவணக் காப்பகம்
முதல் தொகுதி: 1942 ஆகஸ்ட் தொடக்கத்தில் பத்துத் தகரப் பெட்டிகளில் புதைக்கப்பட்டது, 1946 செப்டம்பர் 18இல் மீட்கப்பட்டது.
இரண்டாம் தொகுதி: 1943 பிப்ரவரியில் இரண்டு பால் கேன்களில் அதே இடத்தில் புதைக்கப்பட்டது, 1950 டிசம்பர் 1இல் கட்டடத் தொழிலாளர்கள் கண்டெடுத்தனர்.
மூன்றாம் தொகுதி: இன்றுவரை கிடைக்கவில்லை.
அளவு: சுமார் 35,000 பக்கங்கள்; எழுபதுக்கும் மேற்பட்ட புகைப்படங்கள்.
1999இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்க்கப்பட்டது.
இருப்பிடம்: யூத வரலாற்று நிறுவனம், வார்சா.

1942 ஆகஸ்ட்: விருப்ப ஆவணங்கள்

1942 ஜூலை 22 அன்று கெட்டோவிலிருந்து மக்களை ட்ரெப்ளிங்கா கொலை முகாமுக்கு ரயிலேற்றும் பணி தொடங்கியது. செப்டம்பர் வரை நீடித்த அந்த நடவடிக்கையில் இரண்டரை லட்சத்துக்கும் அதிகமானோர் கொண்டுசெல்லப்பட்டனர். தொடங்கிய பத்தே நாட்களில், தெருக்களை ஒவ்வொன்றாக வளைத்து ஆட்களைப் பிடித்துச் செல்லும் ஓசை பள்ளிக்கூடத்துக்கு அருகில் வந்தபோது, லிக்டென்ஷ்டைனும் அவருடைய முன்னாள் மாணவர்களான டேவிட் கிராபெர், நாஹும் க்ஷிவாட்ச் ஆகிய இருவரும் தாள்களைப் பெட்டிகளில் அடுக்கி அடித்தளத்தில் புதைத்தனர். மாணவர்கள் இருபது வயதைக்கூட எட்டாதவர்கள். புதைப்பதற்கு முன்னர் அவர்களும் தத்தம் வாழ்க்கையைப் பற்றிச் சுருக்கமாக எழுதி உள்ளே வைத்தனர்.

லிக்டென்ஷ்டைன் தமக்கென நன்றியையோ நினைவுச் சின்னத்தையோ கேட்கவில்லை. தம்மை நினைவில் வைத்தால் போதும் என்றும், பல ஆண்டுகள் உழைத்தும் படைப்புகளைக் காட்சிக்கு வைக்க இயலாமல் போன தம் மனைவியையும் நினைவில் கொள்ள வேண்டும் என்றும் எழுதினார். மகள் மிக இளம் வயதிலேயே யிட்டிஷில் தெளிவாகப் பேசத் தொடங்கியதையும் அவளுடைய அறிவுக்கூர்மையையும் ஒரு தந்தையின் பெருமிதத்தோடு குறித்தார். உலகத்துக்குத் தெரிய வேண்டிய ஒரு கொலைச் செயலின் ஆதாரங்களுக்கு நடுவே தன் குழந்தை எப்போது பேசினாள் என்பதையும் எழுதிவைக்க ஒரு தந்தைக்குத் தோன்றியது. ஆவணவியல் அறிஞர்கள் எவ்வளவு வகைப்படுத்தினாலும் இந்தச் செய்கையின் பொருள் எந்த வகைப்பாட்டுக்குள்ளும் அடங்குவதில்லை.

கேலாவின் ஆவணம் கூடுதலாக ஒரு காரியம் செய்கிறது. தாம் விட்டுச்செல்லும் படைப்புகள், 1939 வரை இருந்த யூதப் பண்பாட்டு வாழ்வை மீட்டெடுப்பதற்காகவும் போலந்து யூதர்களின் அழிவை ஆராய்வதற்காகவும் எதிர்காலத்தில் அமையவிருக்கும் ஒரு யூத அருங்காட்சியகத்துக்கு உரியவை என்று அதில் அவர் எழுதினார். அப்படியொரு நிறுவனம் அமையும் என்பதற்கான எந்த அறிகுறியும் இல்லாத நேரத்தில் எழுதப்பட்ட வாசகம் அது. சட்டத்தின் மொழியில் சொன்னால் அது ஒரு கொடைப் பத்திரம். கொடையைப் பெற வேண்டியவர் இன்னும் பிறக்கவில்லை.

அடுத்த பிப்ரவரியில் இரண்டாம் தொகுதியையும் லிக்டென்ஷ்டைனே பால் கேன்களில் புதைத்தார். 1943 ஏப்ரலில் எழுச்சி வெடித்தபோது குடும்பம் கெட்டோவுக்குள் இருந்தது. அதன்பின் அவர்களைப் பற்றிய செய்தி இல்லை. ரிங்கெல்ப்ளூம் கெட்டோவுக்கு வெளியே ஒரு நிலவறையில் மனைவி, மகனோடு ஒளிந்திருந்து, 1944 மார்ச்சில் காட்டிக்கொடுக்கப்பட்டு, அவர்களோடும் உடன் ஒளிந்திருந்தவர்களோடும் சுட்டுக் கொல்லப்பட்டார். குழுவில் உயிர் தப்பிய மூவர் ராகேல் அவுயெர்பாக், ஹெர்ஷ் வாசர், ப்ளூமா வாசர். ட்ரெப்ளிங்காவுக்குச் சென்ற ரயிலிலிருந்து குதித்துத் தப்பிய ஹெர்ஷ் வாசருக்குப் புதைத்த இடம் தெரிந்திருந்தது. அவுயெர்பாக் பார்த்தவர்களிடமெல்லாம் தேட வேண்டும் என்று வற்புறுத்தினார். இந்த இரண்டில் ஒன்று இல்லாதிருந்தாலும் 1946இல் யாரும் அந்த மேட்டைத் தோண்டியிருக்க மாட்டார்கள்.

யார் கையில் இருந்தது கேமரா?

வார்சா கெட்டோவின் படங்கள் என்று உலகம் அறிந்தவற்றில் பெரும்பகுதி அந்த மக்களை அடைத்துவைத்தவர்கள் எடுத்தவை. 1942 மே மாதம் ஜெர்மன் பிரச்சாரக் குழு ஒன்று கெட்டோவுக்குள் வந்து படம் பிடித்தது. நன்கு உடுத்தியவர்களைப் பிடித்து உணவகங்களில் உட்கார வைத்து, பசியால் வாடியவர்களை அருகே நிறுத்தி, யூதச் செல்வந்தர்கள் தம் இனத்தவர்மீதே இரக்கமற்றவர்கள் என்று காட்டுவதற்காகப் பல காட்சிகள் ஜோடிக்கப்பட்டன. முடிக்கப்படாத அந்தச் சுருள்கள் போருக்குப் பின் ஜெர்மன் ஆவணக் காப்பகம் ஒன்றில் கிடைத்து, நீண்ட காலம் உள்ளபடியான காட்சிகளாகவே ஆவணப் படங்களில் பயன்படுத்தப்பட்டன. ஒரே காட்சி திரும்பத் திரும்ப எடுக்கப்பட்டதைக் காட்டும் மிச்சச் சுருள்கள் 1998இல் கிடைத்த பிறகே ஜோடனையின் அளவு முழுமையாகத் தெரியவந்தது. ஆனால் கெட்டோவில் இருந்தவர்கள் அந்தப் படப்பிடிப்பை அப்போதே தங்கள் நாட்குறிப்புகளில் எழுதி வைத்திருந்தனர். கேமரா காட்டாததைத் தாள் சொன்னது.

1943 எழுச்சியின்போது கைகளை உயர்த்தி நிற்கும் சிறுவனின் படம் நாஜி அதிகாரி யூர்கன் ஷ்ட்ரோப் தன் மேலிடத்துக்கு அனுப்பிய வெற்றி அறிக்கையின் இணைப்பாகும். நியூரம்பெர்க் விசாரணையில் அந்த அறிக்கை குற்றத்துக்குச் சான்றாக நின்றது. ஷ்ட்ரோப் 1952இல் வார்சாவில் தூக்கிலிடப்பட்டான். அந்தப் படத்தின் மதிப்பை யாரும் குறைத்துச் சொல்ல முடியாது. ஆயினும் கொலைகாரன் எடுக்கச் செய்த படத்தில், கொலைகாரன் எழுதிய விளக்கத்தின் கீழ், பெயரில்லாமல் நிற்கும் குழந்தையாகவே அந்தச் சிறுவனை உலகம் அறிகிறது.

கேலாவின் தொகுப்பு இதற்கு நேர் எதிரானது. அதில் உள்ள படங்களில் பெரும்பாலானவை போருக்கு முந்தையவை. சுவரோ சீருடையோ பிணமோ அவற்றில் இல்லை. தலையைச் சாய்த்து அமர்ந்த சிறுமி, எங்கோ பார்க்கும் பையன், ஓவியரின் தன்னுருவம் போன்றவையே அவற்றில் உள்ளன. குற்றத்தின் ஆதாரங்களைத் தேடும் ஆய்வாளர் இவற்றைப் பக்கத்துக்கு நகர்த்திவிட்டு அடுத்த பெட்டியைத் திறக்கக்கூடும். நெடுங்காலம் ஏறக்குறைய அதுவே நடந்தது. ஆனால் புதைத்தவர்கள் அவற்றைக் கொலை முகாம் வாக்குமூலங்களோடு ஒரே பெட்டிகளில் வைத்தார்கள். அழிக்கப்பட்டது ஒரு மக்கள்தொகை மட்டுமன்று, இப்படிப் பார்த்த கண்களும் இப்படி அமர்ந்திருந்த குழந்தைகளும் சேர்ந்த ஒரு வாழ்வு என்பதற்கு இந்தப் படங்களே சான்று. கொலையின் கணக்கை எந்த அறிக்கையும் தரும். இழப்பின் அளவை அறிய, இழக்கப்பட்டது எப்படி இருந்தது என்று முதலில் தெரிந்திருக்க வேண்டும்.

குழுவின் உடனடிப் பயனும் சிறிதன்று. செல்ம்னோ கொலை முகாமிலிருந்து தப்பியவரின் வாக்குமூலத்தைப் பதிவு செய்து, போலந்துத் தலைமறைவு இயக்கத்தின் வழியாக லண்டனுக்கு அனுப்பியவர்கள் இவர்களே. 1942 ஜூனில் பிபிசி வானொலி போலந்து யூதர்களின் படுகொலை பற்றிய செய்தியை ஒலிபரப்பியது. உலகம் அதைக் கேட்டும் ரயில்கள் நிற்கவில்லை. அடுத்த மாதமே வார்சாவின் முறை வந்தது.

டெரேஸினிலும் லோட்ஸிலும்

கலைஞரின் கையும் குடும்பத்தின் உயிரும் ஒரே ஆபத்தில் மாட்டிய வேறு இடங்களும் உண்டு. செக் நாட்டின் டெரேஸின் கெட்டோவில் தொழில்நுட்ப வரைபடப் பிரிவின் தலைவராக வேலை வாங்கப்பட்ட ஓவியர் பெட்ரிக் ஃப்ரிட்டா, பகலில் அதிகாரிகளுக்கு அட்டவணைகளும் விளக்கப்படங்களும் வரைந்துவிட்டு, ரகசியமாகப் பட்டினியையும் பிண வண்டிகளையும் வரைந்தார். தம் மகன் டோமியின் மூன்றாம் பிறந்த நாளான 1944 ஜனவரி 22க்கு, வெளியுலகில் உள்ள பழங்கள், பயணங்கள், பிற்காலத்தில் அவன் ஆகக்கூடிய தொழில்கள் ஆகியவற்றை வண்ணத்தில் வரைந்து ஒரு புத்தகமும் செய்து தந்தார். அதே ஆண்டு ஜூலையில், செஞ்சிலுவைச் சங்கப் பார்வையாளர்களுக்குக் கெட்டோவை அழகுபடுத்திக் காட்டிய நாடகம் முடிந்த சில வாரங்களில், ஓவியர்கள் பிடிபட்டுக் குடும்பங்களோடு சிறையில் அடைக்கப்பட்டனர். சக ஓவியர் ஒட்டோ உங்காரின் வலது கை நசுக்கப்பட்டது. ஃப்ரிட்டாவின் மனைவி சிறையிலும், ஃப்ரிட்டா 1944 நவம்பரில் ஆஷ்விட்ஸ் கொலை முகாமிலும் இறந்தனர். உயிர் தப்பிய ஓவியர் லியோ ஹாஸ், புதைத்தும் சுவருக்குள் ஒளித்தும் வைத்த படங்களை மீட்டதோடு, டோமியைத் தத்தெடுத்து வளர்த்தார். பிறந்த நாள் புத்தகமும் தப்பியது. அது யாருக்காக வரையப்பட்டதோ அந்தப் பையனின் கைக்கே வந்து சேர்ந்தது என்பது இந்த வரலாற்றில் அரிதினும் அரிது.

போலந்தின் லோட்ஸ் கெட்டோவில் மெண்டல் கிராஸ்மன் நிர்வாகத்தின் புகைப்படக்காரராக வேலை பார்த்துக்கொண்டே, மேலங்கிக்குள் கேமராவை மறைத்து வைத்து ஆயிரக்கணக்கான படங்கள் எடுத்தவர். தம் குடும்பத்தினர் பசியால் மெலிந்து இறந்ததையும் படமாக்கினார். அவர் 1945இல் இறந்தார். ஒளித்துவைத்த நெகடிவ்களை அவருடைய சகோதரி மீட்டு, பின்னர் இஸ்ரேல் உருவாகவிருந்த நிலத்தின் நிட்ஸானிம் குடியிருப்புக்கு அனுப்பினார். 1948 போரில் எகிப்தியப் படை அந்த இடத்தைக் கைப்பற்றியபோது அவற்றில் பெரும்பகுதி தொலைந்தது. ஒரு போரில் காப்பாற்றப்பட்டவை அடுத்த போரில் அழிந்தன.

பெட்டிச் செய்தி: மருத்துவரிடம் ஒப்படைத்த வாழ்க்கை
பெர்லினில் பிறந்த ஓவியர் சார்லட் சலமோன், தெற்குப் பிரான்ஸில் தலைமறைவாக இருந்தபோது, 1940க்கும் 1942க்கும் இடையில் தம் குடும்ப வரலாற்றை நூற்றுக்கணக்கான வண்ணப் படங்களாக வரைந்து ‘வாழ்க்கையா? நாடகமா?’ என்று பெயரிட்டு, வில்ஃப்ரான்ஷ் ஊர் மருத்துவர் ஒருவரிடம் ஒப்படைத்தார். 1943 அக்டோபரில் கருவுற்றிருந்த நிலையில் ஆஷ்விட்ஸில் கொல்லப்பட்டார். போரில் தப்பிய தந்தையும் சிற்றன்னையும் படங்களைப் பெற்று, 1971இல் ஆம்ஸ்டர்டாம் யூத வரலாற்று அருங்காட்சியகத்துக்கு அளித்தனர்.

யாருக்குச் சொந்தம்?

இத்தகைய தாள்களும் படங்களும் இன்று எழுப்பும் கடினமான கேள்வி உரிமை பற்றியது. ஆஷ்விட்ஸில் கைதியாக இருந்த செக் யூத ஓவியர் டினா பாபிட், நாஜி மருத்துவன் மெங்கலேயின் கட்டளையால் ரோமா இனக் கைதிகளின் உருவங்களை நீர்வண்ணத்தில் வரைய நேர்ந்தது. அந்த வேலைதான் அவரையும் அவருடைய தாயையும் உயிரோடு வைத்தது. அவற்றில் ஏழு படங்கள் போருக்குப் பின் ஆஷ்விட்ஸ் அருங்காட்சியகத்தை அடைந்தன. 1973 முதல் 2009இல் இறக்கும்வரை, தாம் வரைந்தவற்றைத் தம்மிடம் தர வேண்டும் என்று அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். குற்றத்தின் அரிய சான்றுகள் அது நிகழ்ந்த இடத்தில்தான் இருக்க வேண்டும் என்று அருங்காட்சியகம் மறுத்தது. வரையப்பட்டவர்கள் கொல்லப்பட்ட ரோமா மக்கள் என்பதால் அவர்களுடைய வழிவந்தோருக்கும் அதில் குரல் உண்டு என்ற வாதமும் எழுந்தது.

அருங்காட்சியகத்தின் நியாயம் வலுவானதே. ஆனாலும் உயிரோடு வந்து கேட்ட ஓவியருக்கு ஒரு படத்தைக்கூடத் தராமல் அனுப்பியது சரியென்று ஒப்புக்கொள்வது கடினம். நாஜிகள் பறித்த கலைப் பொருள்களைத் திருப்பித் தருவது குறித்து 44 நாடுகள் 1998இல் ஏற்ற வாஷிங்டன் கோட்பாடுகளும் இத்தகைய வழக்குக்கு நேரடியாகப் பொருந்தவில்லை. அவை வீடுகளிலிருந்து பறிக்கப்பட்ட உடைமைகளை மனத்தில் கொண்டு எழுதப்பட்டவை. முகாமுக்குள் அச்சுறுத்தலின் கீழ் பிறந்த படைப்பு எவருடைய உடைமை என்பதை அவை தீர்மானிக்கவில்லை.

இந்தப் பின்னணியில் கேலாவின் விருப்ப ஆவணத்தின் முன்னறிவு தெளிவாகிறது. உரிமை கோர வாரிசு இல்லை. ஆனால் ஓவியரே இடத்தைக் குறித்துவிட்டார். அவர் எதிர்பார்த்த நிறுவனம், போருக்கு முன்னர் யூத நூலகமாக இருந்த ட்லோமாட்ஸ்கியே தெருக் கட்டடத்தில், 1943 மே 16இல் ஷ்ட்ரோப் வெடி வைத்துத் தகர்த்த பெருந்தொழுகைக் கூடத்தின் பக்கத்திலேயே, யூத வரலாற்று நிறுவனமாக அமைந்தது. படங்கள் இன்று அங்கேயே உள்ளன.

அங்கே அவற்றைக் காப்பதும் எளிதன்று. நீர் புகுந்து உலர்ந்த தாளில் மரக்கூழின் அமிலம் தொடர்ந்து வேலை செய்துகொண்டிருக்கும். தாள்களைச் சேர்த்துக் குத்திய உலோகக் கிளிப்புகளின் துரு எழுத்தைத் தின்றிருக்கும். புகைப்படத்தில் உருவத்தைத் தாங்குவது ஜெலட்டின் பூச்சு என்பதால், ஈரம் பட்டால் அது இளகி அடுத்த தாளோடு ஒட்டிக்கொள்ளும். பிரித்தெடுக்கும்போது முகமே பெயர்ந்துவரும். இதனால் மூலங்கள் வெளிச்சத்துக்கு அரிதாகவே கொண்டுவரப்படுகின்றன. ஆய்வுக்கு மின்படிகள் பயன்படுகின்றன. 1997இல் தொடங்கிய, காப்பகத்தின் முழுமையான பதிப்பு முப்பதுக்கும் மேற்பட்ட தொகுதிகளாக வளர்ந்தது. அதில் ஒரு தொகுதி கேலாவின் வாழ்வுக்கும் படைப்புக்கும் மட்டுமே ஒதுக்கப்பட்டது. கேலாவுக்கு வாய்க்காமல் போன கண்காட்சி புத்தக வடிவில் அமைய ஏறக்குறைய எழுபது ஆண்டுகள் ஆயின.

தேடலும் முடியவில்லை. எழுச்சிக்குச் சற்று முன்னர் புதைக்கப்பட்டதாகக் கருதப்படும் மூன்றாம் தொகுதி, ஷ்வியெந்தோயெர்ஸ்கா தெருவில், தூரிகை செய்யும் பட்டறைகள் இருந்த இடத்தில் உள்ளது என்பதே பெரும்பாலோரின் கணிப்பு. அந்த நிலத்தில் இப்போது சீனத் தூதரகம் இருக்கிறது. 2003இல் தூதரகத் தோட்டத்தில் அனுமதியுடன் நடந்த தேடலில் காப்பகத்தின் பெட்டிகள் எவையும் கிடைக்கவில்லை. முதல் இரண்டு தொகுதிகளில் இல்லாத மாதங்களின், அதாவது இரண்டாம் தொகுதி புதைக்கப்பட்ட பின் எழுச்சி வரையிலான காலத்தின், எழுத்துகள் அதில் இருக்கக்கூடும் என்பதால் அடுத்த தேடலுக்கான கோரிக்கை ஆய்வாளர்களிடம் இன்றும் உயிரோடு இருக்கிறது.